கொழும்பில் பைப் தண்ணீரை எத்தனை நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும்?

வெள்ளவத்தை அடுக்குமாடிக்குக் குடிவந்திருக்கிறீர்கள். மாமி பத்து நிமிடம் கொதிக்க வேண்டும் என்கிறார், கணவர் கேத்தில் தானாக நின்றால் போதும் என்கிறார். நீங்கள் எழுதிக் கேட்டது அதுதானே? நியாயம் கணவர் பக்கம். மாமியிடம் சொல்வது உங்கள் பொறுப்பு.

அடுப்பில் என்றால், தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும். வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் கிருமிகள் எல்லாம் 100 பாகைக்கு முன்பே சாகத் தொடங்கிவிடும். 2000 மீற்றருக்கு மேலே வசிப்பவர்களுக்குத்தான் 3 நிமிடம். நுவரெலியா நகரம்கூட அந்த உயரத்தைத் தொடவில்லை. மிச்ச நிமிடங்களில் எரிவது காஸ் மட்டும். 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது விளங்கும். கேத்தில் என்றால் ஒரு கவனம்: அது பலமாக இரைவது கொதிப்பதற்கு முன்னால்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறுத்திவிடாமல், தானாக நிற்கும்வரை விடுங்கள்.

ஆனால் நிமிடக் கணக்கை விட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடப்பதுதான். களனி கங்கைத் தண்ணீர் அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்துதான் நமக்கு வருகிறது. அடுக்குமாடிகளில் அது நிலக்கீழ்த் தொட்டியிலும் மொட்டைமாடித் தாங்கியிலும் தங்கி வருவதால், அவற்றைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று பராமரிப்பாளரிடம் கேட்டு வையுங்கள். கொதிக்க வைத்தால் கிருமியோடு குளோரினும் போய்விடும். அதனால் கொதித்தாறிய நீரில் பிறகு ஏதாவது கிருமி விழுந்தால் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை.

ஆகவே கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று மூடியைத் திறந்து மின்விசிறிக்குக் கீழே வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். தூசும் ஈயும் அதில்தான் விழுகின்றன. பாத்திரத்தோடு ஒரு பேசின் தண்ணீருக்குள் இறக்கி வைத்தால் வேகமாக ஆறும். இன்னும் சூடாக இருக்கிறதே என்று கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தால் அவ்வளவு வேலையும் வீண். ஐஸ்கட்டிக்கும் ஆறின தண்ணீர்தான். எடுத்து ஊற்ற, குழாய் வைத்த பாத்திரம் நல்லது. இல்லாவிட்டால் காம்பு நீண்ட அகப்பை. கோப்பையைப் பிடித்த கையோடு உள்ளே விடக் கூடாது. நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய தண்ணீரை ஊற்றாமல், தினமும் பாத்திரத்தைக் கழுவிவிட்டு நிரப்புங்கள். ருசி சப்பென்று இருந்தால் சீரகமோ மல்லியோ போட்டுக் கொதிக்க வைக்கலாம், மாமிக்கும் பிடிக்கும்.

கடும் வறட்சியில் களனிக்குள் கடல் நீர் ஏறுவதுண்டு. உப்பும் உலோகமும் கொதிப்பதால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

அப்புறம், குழந்தை இருக்கும் வீடு என்றும் எழுதியிருந்தீர்கள். கொதித்த பானையைத் தரையில் ஆற வைக்காதீர்கள். பின்பக்க அடுப்பில் கைபிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து அங்கேயே ஆறவிடுங்கள். கேத்தில் வயர் மேசை விளிம்பில் தொங்க வேண்டாம். தப்பித்தவறி மேலே கொட்டினால் பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். உடனே பைப்பைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். குழந்தை என்றால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள்.