1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ இன்று பார்த்தாலும் சிரிப்பு வருமா?

வரும். முதல் பத்து நிமிஷத்திலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். போன மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டில் பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் பாதி நேரம் போனில்தான் இருந்தாள். மகனாக வரும் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் கட்டம் வந்ததும் நிமிர்ந்தவள், கையில் எடுத்த மல்கோவாத் துண்டை வாயில் வைக்கவே மறந்துவிட்டாள்.

அங்கே சிரிப்பு வசனத்தில் இல்லை. சத்தங்களை நாகேஷே வாயால் போடுகிறார். நம்மைச் சாய்ப்பது பாலையாவின் முகம். மகனை ஏளனமாகப் பார்க்க ஆரம்பித்தவர் கொஞ்சம் கொஞ்சமாக வெலவெலத்துப் போகிறார். இதை ரசிக்க அந்தக் காலத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

இடறுவது வேறு இடம். பாலையாவின் மகளைக் காதலிக்கும் ரவிச்சந்திரன், பணக்கார வீட்டுப் பிள்ளை என்று அவரிடம் பொய் சொல்வதும், அதற்காக நண்பன் முத்துராமன் கிழவர் வேஷம் கட்டுவதும். “ஏமாத்துறதுதானே மாமா இது?” என்றாள். காசைக் கண்டால் குழையும் அப்பாவைத்தான் இயக்குநர் ஸ்ரீதர் கிண்டலடிக்கிறார் என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் நாகேஷ் நடத்தும் சினிமாக் கம்பெனியான ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ பேச்சு வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.