சூப்பர்சார்ஜர் காரில் கிராங்க் புல்லி ஏன் பிய்ந்துபோகிறது?

இன்ஜின் தண்டின் முனையிலிருந்து பெல்ட்டைச் சுழற்றும் சக்கரம்தான் கிராங்க் புல்லி. பார்க்க ஒற்றைச் சக்கரம். உள்ளே இரண்டு வளையங்கள், நடுவே ரப்பர். தண்டின் முறுக்கதிர்வை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான்.

காரைக்குடி மாவு மில்லில் தானியத்தை மொத்தமாகக் கொட்டினால் பெல்ட் கிறீச்சிடுமே, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்க இதே பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் தரும் சுமையும் அப்படித்தான். சூட்டிலும் ஆயில் கசிவிலும் இற்ற ரப்பர் தாங்காமல் வெளிவளையம் வழுக்கும். 2002–2006 மினி கூப்பர் எஸ் காரில் தண்ணீர் பம்பையும் சூப்பர்சார்ஜரே ஓட்டுகிறது. பெல்ட் போனால் இன்ஜின் கொதிக்கும். செட்டிநாட்டு வெயிலில் சொல்லவே வேண்டாம்.

சந்தேகமா? இரு வளையத்துக்கும் குறுக்கே பெயின்ட் கோடு போடுங்கள். சில நாளில் கோடு விலகியிருந்தால் புல்லியோடு பெல்ட்டையும் போல்ட்டையும் மாற்றுங்கள்.

ரப்பரே இல்லாத முழு உலோகப் புல்லி போட்டால் தொல்லை தீரும் என்பார்கள்; தீராது, அதிர்வை வாங்க ஆளில்லாமல் தண்டுதான் அடி வாங்கும்.