நாணல் சிற்பம் இளங்காற்றில் அசையவில்லையா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மொட்டை மாடியில் நாணல்போல் ஆட நிறுத்திய ஐந்து உலோகத் தகடுகளும் இளங்காற்றுக்கு அசைவதே இல்லை, பலமாக அடித்தால் ஒன்றாகத் தலையாட்டுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பேரிங்கை மாற்றிப் பயனில்லை. கோளாறு அடியில் கட்டிய எடையில்தான்.

எடை, தகடு ஆடும் அச்சுக்கு வெகு கீழே இருந்தால் தகடு விறைப்பாக நிற்கும்; ஆடினாலும் வெடுக்கென்று திரும்பிவிடும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். விரலால் தள்ளினால் சாவகாசமாகத் திரும்பி வரவேண்டும். சாய்த்த இடத்திலேயே நின்றுவிட்டால் அளவு மீறிவிட்டது, சற்று இறக்குங்கள். அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரிக்கியின் நீண்ட எஃகுத் தகடுகள் மோட்டார் இல்லாமலே மெல்ல அசைவது இந்தச் சமநிலையால்தான்.

அப்புறம், ஐந்துக்கும் ஒரே அளவு வேண்டாம். கெடிலக் கரை நாணலைப் பாருங்கள்: ஒன்று நிமிரும்போது பக்கத்தில் நெட்டையானது இன்னும் சாய்ந்துகொண்டிருக்கும். எடைகளை வெவ்வேறு உயரத்தில் வைத்தாலே அது வந்துவிடும்.

304 ரகத் துருப்பிடிக்காத எஃகுகூட அந்த உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் விலை கூடுதல், ஆனாலும் அதையே வாங்குங்கள். 2011-இல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த ஊர். ஐப்பசிக்கு முன் கழற்றி வைக்க வசதியாக வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போடுங்கள்.