மாப்பிள்ளை கோல்ஃப் ஆட கூப்பிடுறார், போகலாமா?

கேள்வி: மே மாசம் நானும் வீட்டுக்காரம்மாவும் நியூஜெர்சி எடிசன்ல இருக்கிற பொண்ணு வீட்டுக்குப் போறோம். மாப்பிள்ளை சனிக்கிழமை ஆனா ஃப்ரெண்ட்ஸோட கோல்ஃப் ஆடப் போயிடுவார். இந்த தடவ "மாமா, நீங்களும் வாங்க, சும்மா ஜாலியா ஆடலாம்"னு ஒரே பிடிவாதம். எனக்கு 62 வயசு, கிரிக்கெட் பேட் தவிர எதையும் பிடிச்சதில்ல. பணக்காரங்க ஆட்டமாச்சே, அவர் காசையும் கரைச்சு, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அசிங்கமும் படணுமா? என்ன சொல்லித் தட்டிக்கழிக்கலாம்? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: தட்டிக்கழிக்காதீங்க சார், போங்க. மாமனாரை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம மால் மாலா சுத்திக் காட்டுற மாப்பிள்ளைங்கதான் நிறைய, இவர் தன்னோட சனிக்கிழமையையே உங்களுக்குக் குடுக்கிறார்.

பணக்காரங்க ஆட்டம்னு நீங்க நினைக்கிறதுல தப்பில்ல. சென்னைல கோல்ஃப்னா கிளப், கிளப்னா மெம்பர்ஷிப், நந்தனத்துல இருக்கிற கோல்ஃப் மைதானத்தோட காம்பவுண்டு சுவரைத் தாண்டி நம்மள்ல எத்தனை பேர் எட்டிப் பாத்திருக்கோம். இந்தியாவுலயே காசு கட்டி யார் வேணா ஆடலாம்னா டெல்லில டி.டி.ஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) நடத்துற குதுப் கோல்ஃப் கோர்ஸ், அதாவது மைதானம், மாதிரி கொஞ்சம்தான். அமெரிக்கால கதை வேற, அங்க கவுன்ட்டி, சிட்டி எல்லாம் பார்க் நடத்துற மாதிரியே கோல்ஃப் கோர்ஸும் நடத்துது. நியூயார்க்ல வான் கோர்ட்லண்ட் பார்க் கோர்ஸ் 1895லேயே பொதுமக்களுக்குன்னு திறந்தது, இன்னிக்கும் சப்வே ரயில் ஏறிப் போய் ஆடலாம். எடிசன் இருக்கிற மிடில்செக்ஸ் கவுன்ட்டிக்கே சொந்தமா கோர்ஸ் இருக்கு, பக்கத்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல டாமரேக்னு 36 ஹோல், அதாவது பந்தைப் போட 36 குழி இருக்கிற கோர்ஸ். இந்த மாதிரி கோர்ஸ்ல பெரும்பாலும் உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு ரேட், வெளியாளுக்கு ஒரு ரேட், சாயங்காலம் ஆனா ட்விலைட்னு இன்னும் கம்மி, கோர்ஸுக்குள்ள சுத்துற சின்ன வண்டிய வாடகைக்கு எடுக்காம நடந்தா அந்தக் காசும் மிச்சம்.

அதனால மாப்பிள்ளைகிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணுதான். "முதல் தடவ ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம் மாப்ள, நாம ரெண்டு பேர் மட்டும், ட்விலைட்ல 9 ஹோல் போதும்." சனிக்கிழமை காலைல 18 ஹோல்னா நாலு நாலரை மணி நேரம் இழுக்கும், முன்னாடியும் பின்னாடியும் கூட்டம், புதுசா வர்றவருக்கு அது தண்டனை.

அசிங்கம்னு பயப்படுறீங்களே, அங்க நீங்க எப்படி அடிக்கிறீங்கன்னு எவனும் பாக்க மாட்டான், எவ்ளோ நேரம் எடுக்கிறீங்கன்னுதான் பாப்பான். பந்து பத்தடி உருண்டாலும் யாரும் சிரிக்க மாட்டாங்க, ஆனா பந்து முன்னாடி நின்னு நாலு தடவ வெறும் காத்துல வீசிப் பாத்துட்டு, அப்புறம் தொப்பிய சரி பண்ணிட்டு, அப்புறம் அடிச்சீங்கன்னா பின்னாடி நிக்கிற நாலு பேருக்கும் கடுப்பாகும். ஒரு வீச்சு வீசிப் பாருங்க, அடிங்க, நடங்க. பந்து புதர்ல போச்சுன்னா ரூல்படியே தேட 3 நிமிஷம்தான் (2019க்கு முன்னாடி 5 நிமிஷம்), நீங்க அவ்ளோகூட தேடாதீங்க, மாப்பிள்ளைகிட்ட பழைய பந்தா பத்து வாங்கி பாக்கெட்ல போட்டுக்குங்க. பார் 4 ஹோல்ல, அதாவது நாலு தடவ அடிச்சுக் குழில போடணும்னு கணக்கு வச்ச ஹோல்ல, எட்டு தடவ அடிச்சாச்சுன்னா பந்தைக் கையில எடுத்துட்டு அடுத்த ஹோலுக்குக் கிளம்பிடுங்க, ஜாலி ஆட்டத்துல ஸ்கோர் எவனுக்கு வேணும்.

கிரிக்கெட் பழக்கம் இங்க ஒரு விஷயத்துல கெடுக்கும். பந்து எங்க போச்சுன்னு பாக்குற அவசரத்துல அடிக்கிறதுக்கு முன்னாடியே தலை தூக்கிடுவீங்க, பந்தோட மண்டைல மட்டும் பட்டு தரையோட ஓடும். குச்சி பட்ட அப்புறமும் ஒரு நொடி புல்லையே பாருங்க. பச்சைக்கு வந்ததும், அதான் குழி இருக்கிற அந்த மழமழன்னு வெட்டின புல், அங்க அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவுல இருக்கிற பாதைய மிதிக்காதீங்க. குழி நம்ம காபி டபரா வாயளவுதான், நாலேகால் இஞ்ச், அதுக்குள்ள விழ வைக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்கே வேர்த்துடும் பாருங்க.

யாராவது "ஃபோர்"னு கத்தினா, அது கிரிக்கெட் ஃபோர் இல்ல, பந்து வருது ஜாக்கிரதைன்னு அர்த்தம், அப்ப மட்டும் நம்ம ஊர் பழக்கத்துல யாருடா அதுன்னு திரும்பிடாதீங்க, தலைய ரெண்டு கையால மூடிட்டுக் குனிங்க. கல்லு மாதிரி பந்து சார் அது.

தி.நகர் போய் எதுவும் வாங்க வேண்டாம். காலர் வச்ச டீ-ஷர்ட், ஜீன்ஸ் இல்லாத சாதா பேன்ட், வாக்கிங் போற ஷூ போதும். குச்சி செட் நிறைய இடத்துல வாடகைக்கே கிடைக்கும், நீங்க இடது கைக்காரரா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லி வைக்கணும். காசு மாப்பிள்ளைதான் குடுப்பார், கவுன்ட்டர்ல நின்னு பர்ஸை இழுத்துகிட்டு மல்லுக்கட்டாதீங்க, ஆட்டம் முடிஞ்சு சாப்பிடப் போறப்ப பில்லை நீங்க எடுத்துக்குங்க.

வீட்டுக்காரம்மாவும் வேடிக்கை பாக்க வரேன்னா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மாப்பிள்ளையை ஒரு போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க, ஆடாதவங்களை எல்லா கோர்ஸ்லயும் உள்ள விடுறதில்ல.