மூஸ் வேட்டைக்கு அலாஸ்கா போகலாம், கொம்பு காங்கேயத்துக்கு வராது

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். வயது 51. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மைத்துனர் அடுத்த ஆண்டு செப்டம்பரில் அலாஸ்காவுக்கு மூஸ் (குளிர்நாட்டு மிகப்பெரிய மான்) வேட்டைக்கு அழைக்கிறார். இங்கே ஓர் ஏஜென்ட், பயணம், தங்குமிடம், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்கிறார். கொம்போடு தலையைப் பதப்படுத்தி வீட்டு வாசலில் இறக்கித் தருவாராம். பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டுமாம். காங்கேயம் தோட்டத்து வீட்டில் அப்பாரு (தாத்தா) காலத்துக் காட்டெருமைத் தலை ஒன்று மாட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் இதையும் மாட்ட ஆசை. பழைய தலையை வைத்திருப்பதற்கான வனத்துறை உரிமைச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் சித்திரையில் காலமானார். "அந்தச் சான்றிதழிலேயே இதையும் சேர்த்துவிடலாம்" என்கிறார் ஏஜென்ட். நான் எப்படித் தயாராவது?

பதில்: முதலில், முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் போவதில் தவறில்லை. அலாஸ்காவில் அந்த மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்று வேட்டையாடுவதை நம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்காது. அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் அங்கே மூஸ், கரடி போன்ற பெரிய விலங்கு எதை வேட்டையாடினாலும், மாநில உரிமம் பெற்ற கைடு நேரில் உடனிருக்க வேண்டும். உங்கள் மைத்துனருக்கு மூஸ் வேட்டையில் அந்தக் கட்டாயம் இல்லை. "நான் பத்து வருடமாகத் தனியாகத்தான் போகிறேன், கைடு எதற்கு" என்று அவர் சொன்னால், அது அவருக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

ஏஜென்ட் சொன்ன பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். பயணம், தங்குமிடம், துப்பாக்கி என்று வருகிறது. கைடு என்ற சொல்லே இல்லை. அலாஸ்காவில் டிரான்ஸ்போர்ட்டர் என்று ஓர் உரிமம் தனியாக உண்டு. அவர் உங்களைச் சிறு விமானத்திலோ படகிலோ கொண்டுபோய்க் காட்டில் இறக்கலாம், திரும்ப ஏற்றிவரலாம். வேட்டையில் வழிகாட்டக் கூடாது. டிரான்ஸ்போர்ட்டருக்கு ஆகும் செலவு கைடுக்கு ஆவதில் சிறு பங்குதான். அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, கைடுக்கு உரிய தொகையை நம்மவரிடம் வாங்கும் தரகர்களை நான் பார்த்திருக்கிறேன். வனச் சட்டமும் ஆயுத உரிமமும் பார்க்கும் வழக்கறிஞன் நான். என் மேசைக்கு வரும்போது பணம் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். வேட்டைக்கு ஒப்பந்தம் போடும் அதிகாரம் அங்கே பதிவு பெற்ற கைடுக்குத்தான் உண்டு. அவர் பெயரையும் உரிம எண்ணையும் கேளுங்கள். மாநில உரிமத் துறையின் இணையதளத்தில் அதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஒரு கைடு ஒரே நேரத்தில் மூன்று பகுதிகளுக்கு மேல் பதிவு செய்துகொள்ள முடியாது. ஆகையால் எந்தப் பகுதியில் வேட்டை என்பதும் எழுத்தில் வர வேண்டும். "அலாஸ்கா முழுக்க நம் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

துப்பாக்கியை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். இரண்டு நாட்டுக் காகிதங்களோடு மல்லுக்கட்டுவதைவிட கைடிடம் வாடகைக்கு எடுப்பது எளிது. சுற்றுலா விசாவில் போகிறவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அவர்களுடைய மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. எனவே வேட்டை உரிமம் கைக்கு வந்த பிறகே, மைத்துனர் வீட்டுத் தோட்டத்தில் குறிபார்ப்பதற்குக்கூட, துப்பாக்கியைத் தொடுங்கள்.

சுட்டுப் பழக ரைபிள் கிளப்புக்குப் போங்கள். படுத்துச் சுடுவதில் தேறினால் போதாது. மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்து, நின்றும் உட்கார்ந்தும், மூச்சு வாங்கும்போதே சுட்டுப் பழக வேண்டும். "பர்கூர் மலைப் பக்கம் வாருங்கள், நாட்டுத்துப்பாக்கியில் ஒரு பன்றி போட்டுப் பழகலாம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. காட்டுப்பன்றியும் நம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில்தான் இருக்கிறது. பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வழக்கு நடக்கும் வரை வெளிநாடு போவதும் சிக்கல்.

அடுத்தது கால். அலாஸ்காவின் ஈரச் சமவெளியில் பாதை கிடையாது. புல் முடிச்சு முடிச்சாக எழும்பி நிற்கும். மேலே வைத்தால் கால் புரளும், இடையில் வைத்தால் நீரில் இறங்கும். இப்போதே சிவன்மலையில் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்துச் சென்னிமலையின் 1,320 படிகளை 15 கிலோ முதுகுப்பையோடு ஏறி இறங்குங்கள். ஏறுவது மூச்சைச் சோதிக்கும். முட்டியைச் சோதிப்பது இறங்குவது. 51 வயதில் இதய மருத்துவரைப் பார்க்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

பின்னலாடைக்காரரிடம் சொல்லச் சங்கடமாக இருக்கிறது: பருத்தி வேண்டாம். உறவினர் ஒருவருக்குத் துணையாக நான் அங்கே போனபோது, உயர்ந்த விலை மேலங்கிக்குள் அவர் வழக்கமான திருப்பூர் பனியனைப் போட்டிருந்தார். மேட்டில் ஏறும்போது வேர்த்தது, உட்கார்ந்ததும் காற்று வந்தது. அரை மணி நேரத்தில் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. கைடு பனியனைக் கழற்றச் சொல்லி, தன் கம்பளி உள்ளாடையைக் கொடுத்தார். கூடாரத்து அடுப்பின் மேல் தொங்கவிட்ட அந்தப் பனியன் மூன்றாம் நாளும் காயவில்லை. மெரினோ கம்பளி வாங்குங்கள். சிறு விமானத்தில் எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள், ஆகவே உருளைப் பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பை போதும். அப்படிப் பறந்து இறங்கிய நாளில் சுடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகே சுடலாம். வானிலை மோசமானால் திரும்ப ஏற்ற விமானம் வராது, அதனால் திரும்பும் டிக்கெட்டில் மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள்.

பல பகுதிகளில் வெளியாட்கள் சுடக்கூடிய ஆண் மூஸுக்குக் கொம்பு விரிவு 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றியை ஒட்டிய கிளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எண்ணிச் சொல்வது கைடின் வேலை. அவர் தலையசைக்காமல் விசையைத் தொடாதீர்கள். பெரிய ஆண் மூஸிலிருந்து 225 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது அங்கே குற்றம். இறைச்சி முழுவதும் வெளியே வரும்வரை கொம்பை அந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது. நாள் முழுக்கத் தோள் வலிக்கச் சுமந்த பிறகுதான் கொம்பு உங்களுடையதாகும்.

அந்தக் கொம்பு மைத்துனர் வீட்டிலேயே இருக்கட்டும். வனவிலங்குப் பொருள்களைப் பயணப்பெட்டியில் கொண்டுவர நம் சுங்கத்துறை அனுமதிப்பதில்லை. சரக்காக அனுப்பலாம் என்று தரகர் சொல்வார். அந்த வழியில் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். கடைசிவரை போய் வீட்டில் மாட்டியவரை முப்பது ஆண்டுத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

இனி அப்பாரு வீட்டுத் தலைக்கு வருகிறேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கம் கெடுத்த வரி அதுதான். அந்தச் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கானது. குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது போல இன்னொரு தலையைச் சேர்க்க முடியாது. சேர்த்தால் சட்டப்படி இருக்கிற ஒன்றும் சந்தேகப் பொருளாகிவிடும். காட்டெருமை, சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை விலங்கு. அதன் தலையைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. சான்றிதழ் உள்ள தலையை விற்கக் கூடாது. வாரிசு என்ற வகையில் மட்டும் உங்களுக்கு வரலாம். அப்படி வந்தால், வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டும். இந்த 90 நாள் விதி பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவர்களும் சொல்வதில்லை. என் கட்சிக்காரர் ஒருவர் உரிய காலத்தில் மனுக் கொடுத்தும், ஓர் அலுவலகத்தில் அதற்கு ஒப்புகை வாங்க நான்கு முறை நடந்தார். நான்காம் முறை "மனுவே வரவில்லை" என்றார்கள். பதிவுத் தபால் ரசீது இருந்ததால் தப்பித்தார்.

சான்றிதழே இல்லாத வீடுகளுக்கு 2003-ல் 180 நாள் அவகாசம் தந்தார்கள், அது முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் சான்றிதழ் இருக்கிறது, அது பெரிய நிம்மதி. அதில் எழுதியுள்ள விவரமும் சுவரில் உள்ள தலையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தலையின் நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சான்றிதழின் நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானால், விண்ணப்பித்த ரசீதை வைத்து அனுப்பிவிட்டுப் பிறகு சேருங்கள். இப்போது ஆனி. அப்பா சித்திரை எந்தத் தேதியில் தவறினார் என்று எழுதவில்லை. அந்தத் தேதியிலிருந்து 90-ஐ எண்ணிப் பாருங்கள். அலாஸ்கா கைடுக்கு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் இந்தத் தபால் போய்ச் சேரட்டும்.