அம்பாசடர் தரையை வெட்டிவிட்டார்கள்: ஆர்.சி. தப்புமா?

கேள்வி: என்னிடம் 1971 மாடல் மார்க் 2 அம்பாசடர் இருக்கிறது. தாத்தா வாங்கிய வண்டி, இப்போது என் பெயரில் ஆர்.சி. ஸ்டீயரிங் கியர் (ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லீவர்) தேய்ந்து, இரண்டாவது போட்டால் சிக்கிக்கொள்ளும். அதனால் உடைப்புக்கு வந்த இசுசு இன்ஜின் அம்பாசடரிலிருந்து ஐந்து கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கி, பட்டறையில் மாட்டச் சொன்னேன். போய்ப் பார்த்தால் நடுத் தரையை கேஸ் வைத்து வெட்டி, தரைக்கு அடியில் குறுக்கே தாங்கும் கிராஸ் மெம்பரையும் அறுத்துப் போட்டிருக்கிறார்கள். "பிரேக் இன்ஸ்பெக்டர் படுத்தா பார்க்கப் போறார்? கார்பெட் போட்டா தெரியாது சார்" என்கிறார் மெக்கானிக். விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணமும் இருந்தது. இப்போது என்ன செய்வது? – வாசகர், திருச்சி

பதில்: கார்பெட் போட்டால் தெரியாதுதான். ஆனால் தெரிய வரும் அன்று கூண்டில் ஏறப்போவது நீங்கள், மெக்கானிக் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் 'உரிமையாளரை'த்தான் பிடிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "நான் சொல்லவில்லை, அவர்களாக வெட்டினார்கள்" என்பது நல்ல வாதம். அதற்குச் சாட்சியம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். கியர் பாக்ஸ் மாற்றியதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். ஆர்.சி.யில் இன்ஜின் எண், சேசிஸ் எண் இருக்கும். கியர் பாக்ஸ் எண் இருக்காது. அதே சட்டத்தின் பிரிவு 52 தடுப்பது, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொன்னது. அதே பிரிவின் விளக்கவுரை, மாற்றம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம்.

உங்கள் சிக்கல் அந்தக் 'கட்டமைப்பு' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ், அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த வண்டி அது. பாடியும் தரையும் ஒன்றாக வெல்டு ஆகி, அதுவே சுமையைத் தாங்குகிறது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரி தனிச் சேசிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்த வண்டியாக இருந்தால், தரைத் தகட்டை வெட்டியதற்கு நான் வேறு மாதிரி வாதாடியிருப்பேன். கியர் லீவர் வெளியே வர ஒரு ஓட்டை, மேலே ரப்பர் பூட், இது மட்டும் என்றாலும் துணிந்து வாதாடலாம். கிராஸ் மெம்பரை அறுத்த பிறகு, அடிப்படைத் தன்மை மாறவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

"கம்பெனியே பின்னாளில் தரையிலிருந்து லீவர் வரும் ஃப்ளோர் கியர் போட்டதே" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். அது அந்த மாடலுக்குக் கம்பெனி வாங்கிய ஒப்புதல். 1971-ல் வெளிவந்த உங்கள் வண்டிக்கு அது செல்லாது.

விண்டேஜ் பதிவு விஷயம் இன்னும் கண்டிப்பானது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் 81ஏ முதல் 81ஜி வரை, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கானவை. வயதில் நீங்கள் தேறிவிட்டீர்கள். ஆனால் சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்த வண்டி விண்டேஜ் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. மாநிலக் குழு வண்டியைப் பார்த்துத்தான் சொல்லும். அவர்கள் ஜாக்கி போட்டுப் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: விண்டேஜ் வண்டிக்குத் தரும் 'வி.ஏ.' நம்பர் கிடைத்தாலும் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வண்டியை எடுக்கலாம். தினமும் ஓட்டும் ஆசை இருந்தால் அந்தப் பதிவு உங்களுக்கு வேண்டாம்.

இன்சூரன்ஸில், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி உங்கள் சொந்தச் சேதத்துக்கான கிளெயிமை மறுக்கக்கூடும்.

ஆகவே என் யோசனை: வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பழைய அம்பாசடர் வேலை தெரிந்த டிங்கரைப் பிடித்து, தரையையும் கிராஸ் மெம்பரையும் பழையபடி கட்டுங்கள். ஸ்டீயரிங் கியருக்கு லிங்கேஜ் (லீவரை கியர் பாக்ஸோடு இணைக்கும் கம்பிகள்), புஷ் மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும்; அதற்குத் தரையை வெட்டியதே தேவையற்ற வேலை என்பேன். ஐந்து கியர்தான் வேண்டும் என்றால், கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ.வுக்கு வரைபடத்தோடு மனுக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒப்புதலில்லாமல் செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்கவும் பிரிவு 52 சொல்கிறது. அதனால் வெட்டிய தேதி எது, மனுவில் என்ன எழுதுவது என்று உள்ளூர் வக்கீலிடம் இந்த வாரமே பேசுங்கள்.

பட்டறை மீது சேவைக் குறைபாடு என்று திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் முன்னால் வெட்டிய இடத்தைப் பல கோணத்தில் படம் எடுங்கள், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், 'கியர் பாக்ஸ் பொருத்த' என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அறுத்த கிராஸ் மெம்பர் துண்டை, அது பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.