பழைய கதைக் கோப்புகளை என்ன செய்வது?

வணக்கம் சார்,

1999 முதல் எழுதி வருகிறேன். கதைகள், கட்டுரைகள், நான் வடிவமைத்த சிற்றிதழ்ப் பக்கங்கள் எல்லாம் பழைய சிடிகளிலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் கிடக்கின்றன. அத்தனையும் ஒரே பீரோவில். சிலவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. இவற்றைத் தலைப்புவாரியாக அடுக்க நல்ல மென்பொருள் எது?

ர., சென்னை

அன்புள்ள ர.,

அடுக்குவதை இப்போதைக்கு விடுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். கோப்பைத் திறக்க முடியாமல் போனால் அடுக்கி என்ன பயன்?

முதலில் சிடிகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். வீட்டில் எழுதிய சிடியின் சாயப்படலம் நாளாக ஆக மங்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் எழுத்துரு. அந்தக் காலத்து பாமினி எழுத்துரு, டாப், டிஸ்கி என்ற குறியீட்டு முறைகள் எல்லாம் ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும் உட்கார வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையில். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். உங்கள் கதை அழிந்துவிடவில்லை, உள்ளேதான் இருக்கிறது. எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று தெரிந்தால் இலவச மாற்றிகள் மூலம், இன்று எல்லாக் கணினிகளிலும் பொதுவாக உள்ள யூனிகோடு குறியீட்டுக்குக் கொண்டுவரலாம். எழுத்துருக் கோப்பையும் மூலக் கோப்பையும் கூடவே பத்திரப்படுத்துங்கள்.

மாற்றியபின் ஒருமுறை பொறுமையாகப் படித்தே ஆக வேண்டும். 'கௌரவம்' என்ற சொல் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக, 'கெளரவம்' என்று வந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. அதன் நூல்களும் முதலில் டிஸ்கி போன்ற பழைய முறைகளில்தான் இருந்தன. பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். இன்று அந்த நூல்களில் ஒரு சொல்லைத் தட்டித் தேட முடிவதற்கு அந்த உழைப்புதான் காரணம். நமக்கெல்லாம் அது பெரிய கொடை.

சிற்றிதழ்ப் பக்கங்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை என்று நினைக்கிறேன். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதை இன்னும் வைத்திருக்கும் டிடிபி கடை அல்லது அச்சகத்தைத் தேடிப் பிடியுங்கள். பக்க அமைப்புக்கு ஒரு பிடிஎஃப், உரைக்குத் தனியாக ஒரு கோப்பு, இரண்டும் எடுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள பிடிஎஃபில் தமிழில் தேட முடியாது.

மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, மாதம், நாள், பிறகு தலைப்பு. அது போதும். தலைப்புவாரியாகப் பிரித்தால் ஒரே கதை இரண்டு இடத்தில் இருக்க ஆசைப்படும். 'கடைசி', 'புதுக் கடைசி' என்ற பெயர்களை விட்டுவிடுங்கள். வரைவுகளை மட்டும் அழிக்காதீர்கள், கதை எப்படி உருவானது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

ஒரே பீரோ என்று எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. 2015 டிசம்பர் வெள்ளத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று பிரதிகள் வேண்டும். அதில் ஒன்று வெளியூரிலுள்ள உறவினர் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றிலும் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

எழுத்துரு பிடிபடாத கோப்பு இருந்தால் அதன் முதல் பத்தியை அப்படியே ஒட்டி அனுப்புங்கள். எழுத்து வரிசையை வைத்துப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.